புயம் நிறையும் வழி: பைசெப்ஸ் பயிற்சிகளின் வரலாறு

மேற்கையின் முன்புறத்தில், முழங்கையை மடக்கும்போது திரண்டு எழும் தசை பைசெப்ஸ் எனப்படுகிறது. தமிழில் இதனை இருதலைத் தசை என்பர். மனித உடலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. ஆனால் பலத்தைக் காட்டச் சொன்னால் சிறு குழந்தையும் கையை மடக்கி இந்தத் தசையைத்தான் காட்டும். அதனால்தான் இந்த ஒரு தசைக்கென்றே தனிப் பயிற்சிகளும், தனிக் கருவிகளும், தனி நம்பிக்கைகளும் ஏராளமாகப் பிறந்தன.

எந்தப் பயிற்சி செய்தால் கை நிறைந்து தோன்றும் என்ற கேள்விக்குக் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. இலேசான டம்பெல், கனமான பார்பெல், வளைந்த கம்பி, சாய்ந்த பலகை, இயந்திரம் என ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றை முன்வைத்தது. அவற்றில் சில விற்பனைக்காகச் சொல்லப்பட்டவை. சில பயிற்சிக்கூட அனுபவத்தில் கண்டறியப்பட்டவை. அனுபவத்தில் கண்டவற்றுள் சில பிற்கால ஆய்வுகளில் உறுதிப்பட்டன, சில பொய்த்தன.

உடற்கூற்றுப் பின்னணி

பயிற்சிகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, கையை மடக்கும் தசைகளின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். பைசெப்ஸுக்கு மேல்முனையில் இரண்டு தலைகள் உண்டு. நீண்ட தலை, தோள்பட்டை எலும்பில் தோள்மூட்டுக் குழியின் மேல் விளிம்பிலிருந்து தொடங்குகிறது. குறுந்தலை, அதே எலும்பின் முன்பக்கம் அலகுபோல் நீண்டிருக்கும் முனையிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து, தசைநாணாக மாறி, முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸில் இணைகின்றன.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, பைசெப்ஸ் தோள்மூட்டு, முழங்கை மூட்டு இரண்டையும் கடந்து செல்கிறது. ஆகவே மேற்கை உடலுக்குப் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது இழுபட்டோ தளர்ந்தோ இருக்கும். இரண்டாவது, ரேடியஸ் சுழலக்கூடிய எலும்பு. அதில் இணைந்திருப்பதால் பைசெப்ஸ் முழங்கையை மடக்குவதோடு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. இந்த இரண்டாவது வேலையை முதன்முதலில் தெளிவாகக் கண்டு குறித்தவர்களில் ஒருவர் ஓவியர் லியொனார்தோ டா வின்சி. 1510-11 காலத்தில் அவர் வரைந்த உடற்கூற்றுப் படங்களிலும் குறிப்புகளிலும் இது இடம்பெற்றுள்ளது.

பைசெப்ஸுக்கு அடியில் பிராக்கியாலிஸ் என்னும் மற்றொரு தசை உள்ளது. இது மேற்கை எலும்பிலிருந்து தொடங்கி, முன்கையின் இன்னோர் எலும்பான அல்னாவில் இணைகிறது. அல்னா சுழல்வதில்லை. எனவே உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் பிராக்கியாலிஸ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வெளியே அதிகம் தெரியாத இந்தத் தசை பருக்கும்போது கையின் மொத்தச் சுற்றளவும் கூடுகிறது. மூன்றாவதாக, பிராக்கியோரேடியாலிஸ் என்னும் முன்கைத் தசையும் மடக்குவதில் துணைபுரிகிறது.

கையின் பின்புறத்தில் உள்ள டிரைசெப்ஸ் என்னும் முத்தலைத் தசை முழங்கையை நீட்டுவது. பைசெப்ஸையும் பிராக்கியாலிஸையும் சேர்த்தாலும் டிரைசெப்ஸின் கன அளவுக்கு ஈடாகாது. கை பெரிதாகத் தோன்ற வேண்டும் என்று விரும்புவோர் அதன் முன்புறத்தை மட்டும் பயிற்றுவித்தால், பாதிக்கும் மேற்பட்ட கையைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று பொருள்.

ஓசையில்லாத மணி

டம்பெல் என்ற சொல்லுக்கு ஓசையில்லாத மணி என்று பொருள். தேவாலய மணியின் கயிற்றை இழுப்பது போன்ற அசைவைத் தரும், ஆனால் மணி இல்லாத ஒரு கருவியிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். 1711-இல் ஆங்கில எழுத்தாளர் ஜோசப் அடிசன், தாம் அறையில் டம்பெல் பயிற்சி செய்வதைத் தம் இதழில் குறிப்பிட்டுள்ளார். இரு முனைகளிலும் கனம் கொண்ட கைப்பிடியாக அது இன்றைய வடிவத்தைப் பெற்றது பின்னர்தான்.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பயிற்சிக்கூடங்கள் உடல்நலம், நிமிர்ந்த தோற்றம், ஒழுங்கு ஆகியவற்றுக்கே முதலிடம் தந்தன. ஒரே ஒரு தசையைப் பருக்க வைப்பது அங்கு நோக்கமாக இல்லை. கனமான எடைகளைத் தூக்கியவர்கள் சர்க்கஸ்களிலும் நாடக மேடைகளிலும் வித்தை காட்டிய பலசாலிகள். அவர்களுக்கும் எவ்வளவு தூக்கினோம் என்பதே முக்கியம். கை எப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி பொதுமக்களிடையே பரவியதற்கு ஒரு மனிதரும், ஒரு புதிய தொழில்நுட்பமும் காரணமாயின.

சாண்டோவும் ஒளிப்படமும்

அந்த மனிதர் யூஜின் சாண்டோ. 1867-இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். 1889-இல் லண்டன் மேடையில் சாம்ப்சன் என்ற பலசாலியைத் தோற்கடித்துப் புகழடைந்தார். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது அங்கே மேடையேறினார். எடை தூக்குவதைவிட அவர் தசைகளை அசைத்துக் காட்டுவதைப் பார்க்கவே கூட்டம் விரும்பியது. கிரேக்க, ரோமானியச் சிலைகளின் நிலைகளில் நின்று அவர் எடுத்துக்கொண்ட ஒளிப்படங்கள் அட்டைகளாக விற்பனையாயின. 1894-இல் எடிசனின் படப்பிடிப்புக்கூடத்தில் அவர் தசைகளைக் காட்டுவது அசையும் படமாகவும் பதிவானது. பலம் என்பது பார்க்கத்தக்க ஒன்றாக மாறிய காலம் இது.

சாண்டோ தம் புத்தகங்கள், இதழ், பயிற்சிக்கூடங்கள் வழியாக ஒரு முறையைப் பரப்பினார். கையில் இலேசான டம்பெல்லைப் பிடித்து, மனத்தைத் தசையில் நிறுத்தி, பலமுறை மடக்கி நீட்டுவது அதன் அடிப்படை. இன்று கர்ல் என்று வழங்கும் மடக்குப் பயிற்சி அவருடைய பட்டியலில் முக்கிய இடம் பெற்றது. பிடியை இறுக்கினால் சுருங்கும் வில்சுருள் வைத்த டம்பெல்களையும் அவர் விற்றார்.

1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ ஒரு பெரும் போட்டியை நடத்தினார். இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கு அதுவே முன்னோடி. எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் சிற்பி சார்லஸ் லாஸும் நடுவர்களாக இருந்தனர். உடல் முழுவதும் சீராக வளர்ந்திருப்பது, உறுப்புகளுக்கிடையே சமநிலை, தசையின் தன்மை, பொது உடல்நலம், தோலின் நிலை ஆகியவை அளவுகோல்களாக வைக்கப்பட்டன. மிகப் பெரிய தசை உடையவருக்குப் பரிசு என்று விதி வகுக்கப்படவில்லை. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே முதற்பரிசு பெற்றார். பைசெப்ஸ் மட்டும் பெருத்த உடல் அழகன்று என்ற கருத்து, இத்துறையின் முதற்போட்டியிலேயே இடம்பெற்றிருந்தது.

கனம் கூட்டும் முறை

சாண்டோ தம் வாடிக்கையாளர்களுக்கு இலேசான எடைகளைப் பரிந்துரைத்தார். அவருடைய உடலோ மேடையில் கனமான எடைகளைத் தூக்கிப் பழகிய உடல். இந்த முரண்பாட்டை வெளிப்படையாகப் பேசியவர்களில் ஒருவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆலன் கால்வர்ட். 1902-இல் அவர் மைலோ பார்பெல் நிறுவனத்தைத் தொடங்கினார். தேவைக்கேற்ப எடையைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்த பார்பெல்கள் சாதாரண மக்களுக்குக் கிடைக்கலாயின. உடல் ஓர் எடைக்குப் பழகியதும் அதைச் சிறிது கூட்ட வேண்டும் என்பதே கால்வர்ட்டின் போதனை. நிறுவனத்தின் பெயரும் அதையே சொல்லிற்று. கன்றை நாள்தோறும் தூக்கி, அது வளர வளரத் தானும் பலம் பெற்றதாகக் கதையில் வரும் பழங்கால கிரேக்க மல்லரின் பெயர் மைலோ.

அதே நகரைச் சேர்ந்த ஜார்ஜ் சாட்மன் என்ற பலசாலியின் பெயரால் ஒரு கர்ல் இன்றும் வழங்குகிறது. உள்ளங்கை மேல்நோக்கியிருக்க எடையை உயர்த்தி, மேலே சென்றதும் கையைத் திருப்பி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க மெதுவாக இறக்குவது சாட்மன் கர்ல். உயர்த்தும்போது பைசெப்ஸும், இறக்கும்போது பிராக்கியாலிஸும் முன்கைத் தசைகளும் அதிகச் சுமையை ஏற்கின்றன.

1920-களில் எதிர்த்திசையில் ஒரு விளம்பரம் வென்றது. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சார்லஸ் அட்லஸ், எடையே இல்லாமல் ஒரு கையால் மற்றொரு கையை எதிர்த்துத் தள்ளியும் இழுத்தும் உடலை வளர்க்கும் அஞ்சல்வழிப் பாடத்தை விற்றார். கடற்கரையில் அவமானப்பட்ட ஒல்லி இளைஞன் பாடம் படித்துப் பலசாலியாகித் திரும்புவதாக வந்த அவருடைய படக்கதை விளம்பரம் பல பத்தாண்டுகள் இதழ்களில் வெளியாயிற்று. ஒல்லியாக இருப்பதற்கான வெட்கத்தைத் தூண்டிப் பயிற்சியை விற்கும் வழக்கம் அதன்பின் இத்தொழிலை விட்டு நீங்கவில்லை.

கால்வர்ட்டின் போதனைக்கு மருத்துவ உறுதி கிடைத்தது இரண்டாம் உலகப் போரின்போது. சிகாகோவின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயமுற்ற வீரர்களின் மெலிந்த தசைகளுக்குக் கனமான எடையால் பயிற்சி தந்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிந்த எடையை அளவாகக் கொண்டு, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகின் பார்வையை மாற்றியது. பத்து முறை, மூன்று சுற்று என்று இன்றும் பயிற்சிக்கூடங்களில் சொல்லப்படும் கணக்கு அவரும் அவருடைய துணைவர் வாட்கின்ஸும் பின்னர் செம்மைப்படுத்திய முறையிலிருந்து வந்தது.

இந்தியாவில் சாண்டோவின் பெயர்

இந்தியாவில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மல்யுத்தம் ஆகியவை முன்பே வேரூன்றியிருந்தன. கர்லாக்கட்டை தோளையும் பிடியையும் வலுப்படுத்துவது. தண்டால் மார்பையும் டிரைசெப்ஸையும் வளர்ப்பது. முழங்கையை மடக்கி இழுக்கும் வேலை மல்யுத்தத்திலும் கயிறேற்றத்திலும் இருந்தது. பைசெப்ஸை மட்டும் தனியே எடுத்துப் பயிற்றும் வழக்கம் மேலைநாட்டுக் கருவிகளோடு வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாண்டோ இந்தியாவுக்கும் பயணம் வந்தார். பலசாலி என்பதற்கு அவர் பெயரே அடைமொழியாக மாறியது. பிற்காலத்தில் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தை நடத்திய தயாரிப்பாளர் சின்னப்பா தேவர், தேகப்பயிற்சியால் பெற்ற உடற்கட்டின் காரணமாகச் சாண்டோ சின்னப்பா தேவர் என்றே அறியப்பட்டார். கையில்லாத உள்சட்டைக்கும் இந்தியாவின் பல பகுதிகளில் சாண்டோ பனியன் என்ற பெயர் நிலைத்தது. கையை மறைக்காத உடைக்கு, கையைக் காட்டிப் புகழ்பெற்றவரின் பெயர்.

பெங்களூரில் ஹெர்குலிஸ் பயிற்சிக்கூடத்தை நடத்திய கே. வி. ஐயர், பார்பெல் பயிற்சியையும் சூரிய நமஸ்காரம், யோகாசனம் ஆகியவற்றையும் இணைத்துக் கற்பித்தார். வங்காளத்தைச் சேர்ந்த மனோதோஷ் ராய் 1951-இலும், மனோகர் ஐச் 1952-இலும் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டியில் தத்தம் பிரிவுகளில் வென்றனர். ஐந்தடிக்கும் குறைவான உயரமுடைய ஐச் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

வளைந்த கம்பியும் சாய்ந்த பலகையும்

நேரான பார்பெல்லைப் பிடித்து மடக்கும்போது உள்ளங்கை முழுவதும் மேல்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பலருக்கு இதனால் மணிக்கட்டில் வலி உண்டாயிற்று. இதற்கு மாற்றாக, பிடிக்கும் இடத்தில் வளைவுகள் கொண்ட கம்பியை லூயிஸ் டைமெக் வடிவமைத்தார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1950-இல் கிடைத்தது. ஈ.இசட். பார் என்று இன்று எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் காணப்படுவது அதன் வழிவந்ததே. கை சற்று உள்நோக்கித் திரும்புவதால் மணிக்கட்டு இளைப்பாறுகிறது. சுமையில் ஒரு பங்கு பிராக்கியோரேடியாலிஸுக்குப் போகிறது.

கை நிறைந்து தோன்றுவது பற்றிய விவாதம் கூர்மையடைந்தது 1960-களில். 1965-இல் ஜோ வீடர் தொடங்கிய மிஸ்டர் ஒலிம்பியா போட்டியின் முதல் வெற்றியாளர் லாரி ஸ்காட். 1966-இலும் அவரே வென்றார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்த ஸ்காட்டுக்கு இயல்பில் தோள் அகலம் குறைவு. அவர் புகழ் பெற்றது கைகளால். பலருக்குக் கையை மடக்கும்போது பைசெப்ஸின் கீழ் முனைக்கும் முழங்கை மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி தெரியும். ஸ்காட்டின் பைசெப்ஸ் முழங்கை வரை நிறைந்து காணப்பட்டது.

ஹாலிவுட் அருகே வின்ஸ் ஜிரொண்டா நடத்திய பயிற்சிக்கூடத்தில் ஸ்காட் பயின்றார். அங்கிருந்த சாய்ந்த பலகையின் மேல் மேற்கையைப் படியவைத்து அவர் விடாமல் கர்ல் செய்தார். மதபோதகர் பின்னால் நின்று பேசும் மேடையை அப்பலகை ஒத்திருந்ததால் பிரீச்சர் கர்ல் என்றும், ஸ்காட்டின் நினைவாக ஸ்காட் கர்ல் என்றும் அது பெயர் பெற்றது. இதைச் செய்தால் பைசெப்ஸின் கீழ்ப்பகுதி வளர்ந்து இடைவெளி அடையும் என்ற நம்பிக்கை இதழ்கள் வழியே உலகெங்கும் பரவியது.

அதற்கு எதிர்க்கருத்தும் விரைவில் எழுந்தது. தசையின் சதைப்பகுதி எங்கே முடிந்து தசைநாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறப்பிலேயே அமைவது. எந்தப் பயிற்சியும் தசைநாணைத் தசையாக மாற்றாது. ஸ்காட்டுக்கு நீண்ட சதைப்பகுதி இயற்கையில் வாய்த்தது. பலகைக்கு அந்தப் பெருமை சேர்ந்துவிட்டது என்பது அக்கருத்து. இந்த வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தீராமல் கிடந்தது.

சிகரம் என்னும் ஆசை

1970-களில் ஆசையின் வடிவம் மாறியது. அர்னால்ட் சுவார்செனேகர் 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். 1977-இல் வெளிவந்த பம்பிங் அயர்ன் என்ற ஆவணப்படம் அவரைத் திரையுலகுக்கும் அறிமுகப்படுத்தியது. அவருடைய பைசெப்ஸ் மலைமுகடு போல உயர்ந்து நின்றது. குனிந்து, ஒரு கையைத் தொங்கவிட்டு, டம்பெல்லை மெதுவாகத் தோளை நோக்கி மடக்கும் கான்சென்ட்ரேஷன் கர்ல் அந்த முகட்டை உண்டாக்கும் என்று இளைஞர்கள் நம்பினர். முகட்டின் வடிவமும் பெரும்பாலும் பிறப்பின் கொடைதான். குறுகிய சதைப்பகுதி உடையவருக்கு முகடு உயர்ந்து தோன்றும்; நீண்ட சதைப்பகுதி உடையவருக்குக் கை நிறைந்து தோன்றும். இரண்டையும் ஒருங்கே பெறுவது அரிது.

அதே காலத்தில் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் வேறொரு குறையைக் கண்டார். நின்றுகொண்டு டம்பெல்லை மடக்கும்போது முன்கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் மட்டுமே சுமை உச்சத்தில் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் அது குறைந்துவிடும். இதைச் சரிசெய்ய, ஆரம் மாறிக்கொண்டே வரும் நத்தை ஓடு போன்ற சக்கரத்தை அவர் இயந்திரத்தில் பொருத்தினார். 1970-இல் விற்பனைக்கு வந்த அந்த இயந்திரங்களுக்கு நத்தை இனத்தோடு தொடர்புடைய கடலுயிரியான நாட்டிலஸின் பெயரையே சூட்டினார். சுமை எந்த இடத்தில் உச்சமடைகிறது என்ற கேள்வியைப் பயிற்சிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தது அவருடைய பங்களிப்பு.

படங்களில் சொல்லப்படாதது

இந்தக் காலத்து இதழ்களில் வந்த கைகளைப் பற்றி ஒரு செய்தி வாசகர்களுக்கு மறைக்கப்பட்டது. 1958-இல் டயனபால் என்ற ஸ்டீராய்டு மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எடைதூக்கும் வீரர்களிடமிருந்து அத்தகைய மருந்துகள் ஆணழகன் மேடைகளுக்கும் பரவின. இதழ்களோ பயிற்சிப் பட்டியல்களையும் புரதப் பொடிகளையும் மட்டுமே படத்தின் அருகே அச்சிட்டன. அந்தப் பட்டியலை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய இளைஞன், தன் கை அவ்வாறு ஆகாதபோது குறை தன்னிடம் என்று எண்ணினான். 1990-இல் அமெரிக்கா ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்துச் சட்டம் இயற்றியது.

பின்னர் எண்ணெய்க் கலவையை நேரே தசைக்குள் ஊசியால் செலுத்திக் கையைப் பருக்க வைக்கும் வழக்கமும் சிலரிடம் தோன்றியது. இதில் தசை வளர்வதில்லை. எண்ணெய் தேங்கிச் சீழ் கட்டுதல், தசை இறுகுதல், அறுவைச் சிகிச்சை தேவைப்படுதல் ஆகிய விளைவுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தோற்றமே முழு இலக்காகும்போது பலம் எவ்வளவு தூரம் விலகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அளவிடத் தொடங்கிய காலம்

எந்தப் பயிற்சி எந்தத் தசையை வேலை வாங்குகிறது என்பதைத் தசையின் மின்னலைகளைப் பதிந்து அறிய முடியும். 1957-இல் பஸ்மஜியான், லத்தீஃப் என்ற இரு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கும் தசைகளை இம்முறையில் ஆராய்ந்தனர். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கும்போது பைசெப்ஸின் பங்கு குறைவதையும், பிராக்கியாலிஸ் எல்லா நிலைகளிலும் உழைப்பதையும் அவர்கள் கண்டனர். கண்ணுக்குத் தெரியும் தசை புகழைப் பெற, மறைந்திருந்த தசை சுமையைத் தாங்கிவந்தது.

2014-இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கழகத்தின் ஆதரவில் விஸ்கான்சின் லாக்ராஸ் பல்கலைக்கழகத்தில் 16 பேரைக் கொண்டு எட்டு வகைப் பயிற்சிகள் ஒப்பிடப்பட்டன. கான்சென்ட்ரேஷன் கர்லில் பைசெப்ஸின் மின்னலை மிக உயர்ந்து காணப்பட்டது. மேற்கை தொடையில் சாய்ந்திருப்பதால் தோளின் உதவி கிடைப்பதில்லை என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். எனினும் ஒரு பயிற்சியில் மின்னலை உயர்ந்திருப்பது, மாதக்கணக்கில் அதைச் செய்தால் தசை அதிகம் வளரும் என்பதற்கு உறுதியாகாது. வளர்ச்சியை அளக்க, பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசையின் தடிமனையே அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்த ஆய்வுகள் பின்னர் வந்தன. பழக்கமில்லாத இளைஞர்களுள் ஒரு பிரிவினரைக் கர்லும், மற்றொரு பிரிவினரைக் கம்பியை மேலிருந்து மார்புக்கு இழுக்கும் பயிற்சியும் செய்யவைத்து 2015-இல் வெளியான ஆய்வில், மடக்கு தசைகளின் தடிமன் இரு பிரிவிலும் ஒத்த அளவில் கூடியது. ஒரு கைக்குக் கர்லும் மறு கைக்கு டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் பயிற்சியும் தந்த வேறோர் ஆய்விலோ கர்ல் செய்த கையே அதிகம் வளர்ந்தது. இழுக்கும் பயிற்சிகள் அடித்தளம் தருகின்றன, நேரடிப் பயிற்சி அதற்குமேல் சேர்க்கக்கூடும் என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்காட்டின் பலகை பற்றிய பழைய வழக்குக்கும் ஓரளவு தீர்ப்புக் கிடைத்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 19 பெண்கள் பிரீச்சர் கர்ல் செய்தனர். ஒரு கையால் முழங்கை நீண்டிருக்கும் முதற்பாதி அசைவை மட்டும், மறு கையால் முழங்கை மடங்கியிருக்கும் பிற்பாதி அசைவை மட்டும் செய்தனர். முழங்கைக்கு அருகிலுள்ள கீழ்ப்பகுதித் தசை, முதற்பாதி அசைவைச் செய்த கையில் அதிகம் வளர்ந்திருந்தது. சாய்ந்த பலகையில் சுமை உச்சமடைவதும் முழங்கை நன்கு மடங்குவதற்கு முந்தைய கட்டத்தில்தான்.

ஆகவே ஜிரொண்டாவின் கூடத்தில் சொல்லப்பட்டது முற்றிலும் தவறன்று. இருக்கும் தசையின் கீழ்ப்பகுதியைத் தடிக்கச் செய்ய முடியும். தசை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மாற்ற முடியாது. பலகையால் ஸ்காட்டின் கை மேலும் நிறைந்திருக்கலாம். அந்த நீண்ட வடிவமோ பலகைக்கு முன்பே இருந்தது.

இன்றைய தெரிவு

இந்த வரலாற்றிலிருந்து பயிற்சியைத் தெரிவதற்குச் சில எளிய அளவுகோல்கள் கிடைக்கின்றன. மேற்கையின் நிலை முதலாவது. சாய்ந்த பெஞ்சில் மல்லாந்து அமர்ந்து, கைகள் உடலுக்குப் பின்னால் தொங்க மடக்கும்போது பைசெப்ஸ் நீண்ட நிலையிலிருந்து உழைக்கிறது. பிரீச்சர் பலகையில் மேற்கை உடலுக்கு முன்னால் இருக்கிறது; அசைவின் முற்பகுதியில் சுமை மிகுகிறது. இவ்விரண்டில் ஒன்றும், நின்று செய்யும் கர்ல் ஒன்றும் இருந்தால் தொடக்கநிலையில் உள்ளவருக்குப் போதுமானது.

உள்ளங்கையின் திசை இரண்டாவது. உள்ளங்கை மேல்நோக்கியிருந்தால் பைசெப்ஸுக்கு முதன்மை. கட்டைவிரல் மேல்நோக்கியிருக்கச் சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடித்துச் செய்யும் ஹேமர் கர்லும், உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கச் செய்யும் ரிவர்ஸ் கர்லும் சுமையைப் பிராக்கியாலிஸ், பிராக்கியோரேடியாலிஸ் பக்கம் திருப்புகின்றன. பக்கவாட்டில் பார்க்கும்போது கை தடித்துத் தோன்றுவதற்கு இவை உதவுகின்றன.

மூன்றாவது, கால்வர்ட்டும் டிலோர்மும் வலியுறுத்திய படிப்படியான ஏற்றம். இலேசான எடையா கனமான எடையா என்ற பழைய சண்டைக்கு 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு விடை தந்தது. தசை களைத்து ஓயும் அளவுக்குச் செய்தால் இரண்டிலும் தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒத்திருக்கிறது. தூக்கும் பலம் கனமான எடையில்தான் அதிகம் கூடுகிறது. இலேசான எடையைப் பரிந்துரைத்த சாண்டோவின் முறைக்கு, அவர் எதிர்பாராத வழியில் ஓரளவு நியாயம் கிடைத்தது எனலாம்.

உடலை ஆட்டி, முதுகை வளைத்துத் தூக்கும் எடை கைக்கு உரியதன்று. திடீரென்று மிகுந்த எடையை ஏற்றினால் தசைநாண் அறுபடவும் கூடும். நீண்ட தலையின் நாண் தோளருகே அறுந்தால் தசை கீழே சுருண்டு உருண்டையாகப் புடைக்கும். கார்ட்டூன் பாத்திரமான போப்பாயின் பெயரால் மருத்துவர்கள் குறிப்பிடும் இந்தப் புடைப்பு, பெருத்த பைசெப்ஸ் போலத் தோன்றினாலும் உண்மையில் காயத்தின் அடையாளம்.

சாண்டோ வடித்த முதற்போட்டியின் அளவுகோல்கள் இன்றும் பழுதின்றி நிற்கின்றன. டிரைசெப்ஸ், தோள், முதுகு ஆகியவற்றோடு சேர்ந்து வளர்ந்த பைசெப்ஸே கண்ணுக்கு நிறைவாகத் தெரிகிறது. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு வழங்கப்படும் வெண்கலச் சிலை சாண்டோவின் உருவமே. ஒரு கையில் பார்பெல்லைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் அந்த உருவத்தில் பார்வை ஓரிடத்தில் நில்லாமல் தலை முதல் கால் வரை செல்கிறது.